பதினெட்டு ஆச்சா என்று கேட்டால் ஆதாரையே கொடுக்கணுமா?

கொரடாச்சேரிக்காரன் | திங்கள், காலை 10.42

வணக்கம். சம்பா அறுப்பு முடிந்து மூட்டை கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது. அதற்குக் காவல் இருந்துகொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பத்தாம் வகுப்பு. நன்றாகப் படம் வரைவாள். வரைந்ததைப் போட்டு நாலு பேரிடம் கருத்துக் கேட்கிற ஒரு செயலியில் இருக்கிறாள், பெயர் வேண்டாம். போன வாரம் கணக்கை முடக்கிவிட்டு ‘வயதை உறுதி செய்யுங்கள்’ என்று சொல்லியிருக்கிறது. இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள். காமிராவில் முகத்தைக் காட்டித் தலையை இப்படியும் அப்படியும் திருப்பலாம், இல்லையென்றால் அடையாள அட்டையைப் படம் எடுத்து ஏற்றலாம். முகத்தைக் காட்டியிருக்கிறாள், ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் என் ஆதாரை ஏற்றிவிட்டாள். கால் மணி நேரத்தில் கணக்கு திறந்துவிட்டது.

‘உங்கள் அடையாளம் சரிபார்க்கப்பட்டது’ என்று எனக்கு மின்னஞ்சல் வந்தபோதுதான் விஷயமே தெரியும். ஆதார் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “நீங்கதான் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸப்ல அனுப்பினீங்களே, அதுலேருந்து எடுத்தேன்” என்கிறாள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டும்.

திட்டியதெல்லாம் தனிக்கதை. எனக்குப் புரியாதது இதுதான்: அவர்களுக்குத் தெரிய வேண்டியது பதினெட்டு ஆச்சா இல்லையா என்பது மட்டும். அதற்கு என் அப்பா பெயர், தெரு, பன்னிரண்டு இலக்க எண், போட்டோ எல்லாம் எதற்கு? வேறு வழியே கிடையாதா? கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியுமா?


ஜெராக்ஸ் தம்பி | திங்கள், காலை 11.15

அண்ணே, நான் மன்னார்குடியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை வைத்திருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய்க் கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோடு ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எத்தனை ஆதார் என்று எண்ணவில்லை, எண்ணப் பயமாக இருந்தது. பட்டா, சாதிச் சான்று, மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் எல்லாம் கிடக்கிறது. வாட்ஸப்பில் வந்தால் அதுவாகவே இறங்கிவிடும், பிரிண்ட் போடுவோம், அடுத்த ஆள் வந்துவிடுவார். அழிக்க யாருக்கு நேரம்?

கேட்கிறவர்களும் இல்லை. இத்தனை வருஷத்தில் “தம்பி, பிரிண்ட் எடுத்ததும் அழிச்சிடு” என்று சொன்னவர் ஒரே ஒரு அம்மா. அவரையும் சந்தேகப் பிராணி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன். ஆதாரை இறக்கும்போதே மாஸ்க்டு என்று ஒரு வகை இருக்கிறது. எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் எக்ஸ் எக்ஸ். பெரும்பாலான இடத்துக்கு அதுவே போதும். நானாகவே யாருக்கும் இதைச் சொன்னதில்லை, ஒத்துக்கொள்கிறேன்.


பளிச் பட்டுக்கோட்டை | திங்கள், பகல் 12.03

இதுக்கு இவ்வளவு கவலையா? சிம் வாங்க, கேஸ் வாங்க, லாட்ஜில் ரூம் போட எல்லாவற்றுக்கும் கொடுத்தாச்சு. ஊர் பூரா இருக்கிற ஆதார் இன்னொரு இடத்தில் இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? ஒளிக்க நம்மிடம் என்ன இருக்கு? பிள்ளைகள் கண்டதையும் பார்க்காமல் இருந்தால் சரி.


குடந்தை டிகிரி காபி | திங்கள், பகல் 12.40

பளிச், கோபித்துக்கொள்ளாதீர்கள். லாட்ஜில் கொடுத்த நகல் அந்த லாட்ஜ் மேசை டிராயரில் கிடக்கும். இணையத்தில் கொடுத்தது ஒரே இடத்தில் லட்சக்கணக்கில் குவியும். குவிந்த இடத்துக்குத் திருடன் வருவான். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி நிறுவனமே அறிவித்த செய்தி இது: அவர்களுக்கு வாடிக்கையாளர் சேவை செய்து கொடுத்த வெளி நிறுவனம் ஒன்றில் திருட்டு, சுமார் 70,000 பேருடைய அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றார்கள். அந்தப் படங்கள் அங்கே எப்படி வந்தன? வயது விஷயமாக முறையிட்டவர்கள் அனுப்பியவை. ‘எனக்கு வயது வந்துவிட்டது’ என்று நிரூபிக்கப் போனவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

கொரடாச்சேரி அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சென்னையில் இந்த அடையாளச் சரிபார்ப்புத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். முதலில், உங்கள் விஷயத்தில் அவர்கள் மகளின் வயதைச் சரிபார்க்கவே இல்லை. உலகத்தில் ஒரு ஆதார் அட்டை இருக்கிறது என்பதைச் சரிபார்த்திருக்கிறார்கள். அட்டையில் உள்ள முகமும் போனைப் பிடித்திருக்கிற முகமும் ஒன்றா என்றுகூடப் பார்க்கவில்லை. ஆக உங்கள் விவரம் போனதுதான் மிச்சம்.

வேறு வழி உண்டு, நீளமாக இருக்கும், சாயங்காலம் எழுதுகிறேன்.


ஓய்வு வாத்தியார் | திங்கள், பிற்பகல் 3.20

தொடக்கப்பள்ளி ஆசிரியராக 1970இல் வலங்கைமான் பக்கம் சேர்ந்தவன் நான். வயது சரிபார்ப்பு என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்பே அதைச் செய்தவர்கள் நாங்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிறப்புச் சான்று ஏது? “மேட்டூர் தண்ணி வந்த அன்னிக்குப் பொறந்தான்”, “புயலுக்கு அடுத்த தையில”, இப்படித்தான் சொல்வார்கள். பையனை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள். தொடாவிட்டால் அடுத்த வருஷம். எந்தக் காகிதமும் வாங்கவில்லை, எதையும் எழுதி வைத்துக்கொள்ளவும் இல்லை. தொட்டானா இல்லையா, அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டிய பதில்.

தப்பும் நடக்கும். கை நீளமான பயல் நாலு வயதில் தொட்டுவிடுவான். சவலைப் பிள்ளைக்கு ஆறு வயதானாலும் எட்டாது. இப்போது காமிரா முகத்தைப் பார்த்து வயது சொல்கிறதாமே, அதுவும் காதைத் தொடச் சொல்கிற வேலைதான். என்ன, அந்தக் காமிரா படத்தை வைத்துக்கொள்ளுமோ என்னமோ, நாங்கள் காதை வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சேர்த்த பிறகு பதிவேட்டில் ஒரு தேதி எழுத வேண்டுமே. மே 10, ஜூன் 1 என்று நாங்களே போட்டோம். அந்தத் தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறி, அங்கிருந்து ஆதாரில் ஏறி இன்றைக்கு ஆணித்தரமான உண்மையாக உட்கார்ந்திருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு அலைகிற என் பழைய மாணவன் ஒருவன் போன வருஷம் வழிமறித்து, “சார், ரெண்டு வருஷம் கூட்டிப் போட்டிருக்கக் கூடாதா?” என்றான். அவன் கேட்டது நியாயம். அவனுடைய உண்மையான வயது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.


குடந்தை டிகிரி காபி | திங்கள், இரவு 9.05

வாத்தியார் ஐயா சொன்ன ‘தொட்டானா இல்லையா’ என்பதுதான் எங்கள் துறை இருபது வருஷமாகத் தேடுகிற விடை.

கொள்முதல் நிலைய ரசீதில் கார்பன் தாள் வைப்பார்கள் அல்லவா? மேல் தாளில் போட்ட கையெழுத்து அடித்தாளிலும் விழும். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் இஷ்டத்துக்கு நீளமாக ஒரு எண் எழுதி, கார்பன் பூசிய உறைக்குள் போட்டு ஒட்டித் தாலுகா ஆபீசுக்கு எடுத்துப் போகிறீர்கள். அங்கே உங்கள் ஆதாரைப் பார்க்கிறார்கள், பதினெட்டு ஆகிவிட்டது. உறையைப் பிரிக்காமல் அதன் மேலேயே ‘வயது வந்தவர்’ முத்திரையை அழுத்திக் குத்துகிறார்கள். உள்ளே இருக்கிற சீட்டிலும் முத்திரை விழுந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்துச் சீட்டை மட்டும் இணையதளத்திடம் கொடுக்கிறீர்கள். முத்திரை அசல்தான் என்று தளம் பார்த்துக்கொள்ளும். நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. நாளைக்கே அந்தச் சீட்டைத் தாலுகா ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினாலும், யாருக்குக் குத்திய முத்திரை என்று அவர்களாலும் சொல்ல முடியாது. சீட்டை அவர்கள் பார்த்ததே இல்லையே.

இது நான் கட்டிய கதை இல்லை. டேவிட் சௌம் என்ற கணினி அறிஞர் 1982இல் ‘குருட்டுக் கையொப்பம்’ என்று இதைக் கணிதமாகவே எழுதினார், கார்பன் உறை உதாரணமும் அவருடையதுதான். 1985இல் கோல்ட்வாசர், மிக்காலி, ராக்காஃப் மூவரும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ஒரு ரகசியத்தைத் துளியும் வெளியிடாமல், அது என்னிடம் இருக்கிறது என்பதை மட்டும் நிரூபிக்கலாம் என்று காட்டினார்கள். பிறந்த தேதியைச் சொல்லாமல் ‘பதினெட்டைத் தாண்டிவிட்டது’ என்பதை மட்டும் நிரூபிப்பது அந்த வகை.

ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. போனில் வைத்துக்கொள்ளும் ஓட்டுநர் உரிமத்துக்கு 2021இல் வந்த சர்வதேசத் தரத்தில் (ஐஎஸ்ஓ 18013-5) ‘18க்கு மேல்: ஆம் / இல்லை’ என்று தனி வரியே இருக்கிறது. பெயரையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் காட்டலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூலையில் இதற்கென்றே ஒரு செயலியின் மாதிரியை வெளியிட்டது. டென்மார்க், பிரான்ஸ், கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின் ஐந்தும் முதலில் முயன்று பார்க்க முன்வந்தன. நம் ஊரிலும் 2025 நவம்பரில் வந்த புதிய ஆதார் செயலியில், வேண்டிய விவரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்டுகிற வசதி இருக்கிறது.

பிடிக்க வேண்டிய ஓட்டை இரண்டு. ஒரே சீட்டைப் பத்துத் தளத்தில் காட்டினால், பத்துத் தளங்களும் கூடிப் பேசி ‘எல்லாம் ஒரே ஆள்’ என்று கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு தளத்துக்கும் புதுச் சீட்டு வேண்டும். அடுத்தது இதைவிட மோசம். சில முறைகளில் தளம் ஒவ்வொரு தடவையும் தாலுகா ஆபீசுக்கே போன் போட்டு ‘இவர் வயது வந்தவர்தானே?’ என்று கேட்கும். அப்போது நீங்கள் எந்த எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்ற பட்டியல் சர்க்காரிடம் சேர்ந்துவிடும். உங்கள் பெயர் தளத்துக்குத் தெரியாது, சரி. ஆனால் தளத்தின் பெயர் சர்க்காருக்குத் தெரிந்துவிட்டதே! ஒரு செயலி ‘எங்களிடம் உங்கள் விவரம் பத்திரம்’ என்றால், யாரிடமிருந்து பத்திரம் என்று கேளுங்கள்.


ஏடும் கல்லும் | திங்கள், இரவு 10.30

கொஞ்சம் தடம் மாறுகிறேன். வயதுத் தகுதி சோழர் காலத்திலேயே உண்டு. பராந்தக சோழனின் 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியத்துக்கு நிற்பவர் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுக்கிறவனுக்கு எதுவும் தெரியக்கூடாது என்ற புத்தி அப்போதே இருந்திருக்கிறது. நம் டெல்டாவின் பெருமை!


ஓய்வு வாத்தியார் | திங்கள், இரவு 10.41

பெருமைதான் தம்பி. ஆனால் உத்திரமேரூர் காஞ்சிபுரம் பக்கம். பாலாற்றுக்காரர்கள் சண்டைக்கு வரப் போகிறார்கள். அந்த முப்பத்தைந்தை எப்படிச் சரிபார்த்தார்கள் என்று கல்வெட்டில் இருந்தால் சொல்லுங்கள்.


ஏடும் கல்லும் | திங்கள், இரவு 10.44

சரணடைகிறேன் ஐயா.


மாயவரம் வக்கீல் | செவ்வாய், காலை 8.10

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள், புட்டசாமி வழக்கு. ‘ஒளிக்க என்ன இருக்கு’ என்று கேட்ட நண்பருக்கு அது ஒரு பதில். அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த ஆதார் தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த பிரிவைச் செல்லாததாக்கியது.

பிறகு 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 9ஆவது பிரிவு: பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்களுடைய தரவைத் தொட வேண்டுமானால் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. இந்தக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம், அதாவது 2027 மே.

இதில் ஒரு வேடிக்கை. சட்டம் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் யார் குழந்தை என்று தெரிய வேண்டுமானால் எல்லாரையும் கேட்க வேண்டும். அறுபது வயதுக்காரரும் தனக்கு அறுபது என்று காட்டியாக வேண்டும். குழந்தைக்குப் போட்ட வேலியில் ஊரே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டியதாகிறது. பெற்றோரைச் சரிபார்க்க விதிகள் சொல்லும் வழிகளில் ஒன்று டிஜிலாக்கர் (அரசின் ஆவணப் பெட்டகச் செயலி) போன்ற இடத்திலிருந்து கிடைக்கும் டோக்கன், அதாவது ஒரு மின் அடையாளச் சீட்டு. மேலே குடந்தை தம்பி சொன்ன கார்பன் உறை மாதிரி அதைக் கட்டுவார்களா, போன் போட்டுக் கேட்கிற மாதிரி கட்டுவார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டுக்கும் விதிகளில் இடம் இருக்கிறது.

தமிழ்நாட்டு உதாரணமும் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் மாநில ஆணையம் விதி போட்டது: பதினெட்டுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது. நிறுவனங்கள் அந்தரங்க உரிமையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போயின. பொதுநலன் பெரிது என்று ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை உறுதி செய்தது. ஆகஸ்டில் பணம் வைத்து ஆடுவதையே தடை செய்து மத்தியச் சட்டம் வந்தது வேறு கதை. அந்தத் தீர்ப்பில் எனக்கு முரண்பாடு இல்லை. கடன் வாங்கி ஆடித் தோற்றுத் தூக்கு மாட்டிக்கொண்டவர்களின் குடும்பம் என் அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சூதாட்டத்துக்குக் கேட்கிற அதே கெடுபிடியைப் படம் வரைகிற பெண்ணிடமும் கேட்பது நியாயமா என்றால், இல்லை என்பேன்.


மெல்பர்ன் நாகை | செவ்வாய், காலை 9.55

ஆஸ்திரேலியாவிலிருந்து. இங்கே 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கு கிடையாது. மீறுகிற நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ எதுவும் இல்லை. எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று: அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாக நிறுவனம் கேட்கக்கூடாது, வேறு வழியும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அதனால் பலர் முகத்தைப் பார்த்து மதிப்பிடுகிற முறைக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் நடந்தது: பதினாலு வயதுப் பையனுக்கு மீசை அரும்பியிருக்கிறது, அவனை விட்டுவிட்டது. இருபத்திரண்டு வயது அக்கா பொட்டு வைத்து இரட்டைச் சடை போட்டு உட்கார்ந்திருந்தாள், அவளைச் சிறுமி என்று நிறுத்திவிட்டது. அவளுக்கு ஒரு வாரம் கோபம், அம்மாவுக்குப் பெருமை.

சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவின் நிஸ்ட் தர நிர்ணய நிறுவனம் 2024 மே மாதம் இப்படிப்பட்ட ஆறு மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்டது. எல்லாவற்றிலும் சிறந்தது என்று ஒன்றும் இல்லை, ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெண்கள் முகத்துக்குப் பிழை அதிகம் என்பது அதன் முடிவு. வாத்தியார் ஐயாவின் காது முறையில் இந்த வித்தியாசம் இருந்ததா?


ஓய்வு வாத்தியார் | செவ்வாய், காலை 10.20

இருந்தது தம்பி, வேறு விதமாக. பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தால்தானே காதைத் தொடச் சொல்வதற்கு.


உப்புக்காற்று | செவ்வாய், பிற்பகல் 2.15

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் வேதாரண்யம் பக்கம் சுய உதவிக்குழு வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் பெண்களோடும் போனோடும்தான் பிழைப்பு.

எங்கள் குழுவில் பல வீட்டில் ஒரே நல்ல போன். வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குப் போனால் அவர் ஒரு சாதா போன் எடுத்துப் போவார், ஸ்மார்ட் போன் வீட்டில் இருக்கும். அம்மா பெயரில் சிம், அம்மா கைரேகையில் பூட்டு, ஆனால் ஓட்டுவது எட்டாம் வகுப்புப் பையன். பணம் அனுப்புவது, கேஸ் பதிவது, ரேஷன் கடை மெசேஜைப் படித்துச் சொல்வது எல்லாம் அவன்தான். “டேய், என்னமோ ஓடிபின்னு வந்திருக்கு பாரு” என்று அம்மாவே போனை நீட்டுவார்.

இப்போது வக்கீல் சார் சொல்கிற ‘பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம்’ இந்த வீட்டில் எப்படி நடக்கும்? செயலி அம்மாவிடம் சம்மதம் கேட்கும். அந்தக் கேள்வி வருகிற போன் பையன் கையில் இருக்கும். அம்மா விரலைப் பிடித்து வைத்து அவனுக்கு அவனே சம்மதம் கொடுத்துக்கொள்வான். அம்மாவிடம் கேட்டால் “புள்ள ஏதோ பரீட்சைக்கு வேணும்னான்” என்பார். குடந்தை தம்பியின் சீட்டு எவ்வளவு ரகசியமாக இருந்தாலும் அது போன் யாருடையது என்று சொல்லும், போன் யார் மடியில் இருக்கிறது என்று சொல்லாது.

விரல் என்றதும் இன்னொன்று. நாற்று நட்டு, உப்பு வாரித் தேய்ந்த கை எங்களுடையது. ரேஷன் கடை மெஷினில் நாலு தடவை வைத்தாலும் ரேகை விழாமல் கண்ணைக் காட்டிவிட்டு வருகிற அக்காக்கள் எத்தனையோ பேர். வயதைக் காட்டு, ஆளைக் காட்டு என்று ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தினால் முதலில் வெளியே நிற்பது அவர்கள்தான். பையன் எப்படியாவது உள்ளே போய்விடுவான்.


குடந்தை டிகிரி காபி | செவ்வாய், மாலை 6.30

அக்கா, உண்மையைச் சொன்னால் இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் ‘ஒரு ஆள், ஒரு போன்’ என்று வைத்துக்கொண்டுதான் படம் போடுகிறோம். சீட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிடக்கூடாது என்று சீட்டைப் போனோடு பூட்டுகிறோம். நீங்கள் சொல்கிற வீட்டில் பூட்டியதே தப்பான இடம்.

கொஞ்சம் கிட்ட வருகிற ஒரு முறை உண்டு. போனிலேயே பிள்ளைக்கென்று தனிக் கணக்கு. பெற்றோர் ஒரு தடவை வயதைச் சொல்லிவிட்டால், அதன்பின் செயலிகள் கேட்கும்போது போன் ‘13 முதல் 15’ என்று வரம்பை மட்டும் சொல்லும், பிறந்த தேதியைச் சொல்லாது. ஆப்பிள் 2025இல் இதைக் கொண்டுவந்தது. எந்த அட்டையும் வீட்டை விட்டு வெளியே போகாது, பெற்றோர் சொன்னதை நம்புவதோடு சரி. ஆனால் ஒரே போனில் அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு மாற்றி மாற்றிப் போடுகிற வீட்டை நானும் பார்த்ததில்லை.


பளிச் பட்டுக்கோட்டை | செவ்வாய், மாலை 6.52

அப்படியென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறீர்களா? என் அண்ணன் பையன் பன்னிரண்டு வயது. அவன் போனில் பார்த்ததை இங்கே எழுத முடியாது. அந்தரங்கம், கணிதம் என்று பேசிக்கொண்டே இருங்கள்.


உப்புக்காற்று | செவ்வாய், இரவு 7.20

இல்லை தம்பி, அது நிஜமான கவலை. எனக்கும் பையன் இருக்கிறான். அசிங்கப் படம் காட்டுகிற இடத்தில் வாசலில் ஆள் நிறுத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் அப்படி நிறுத்தினார்கள் என்று படித்தேன். நிறுத்திய வாரமே இடத்தை மறைக்கிற விபிஎன் செயலிகள் இறக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டன. வாசலில் ஆள் நின்றால் பிள்ளை கொல்லை வழியாகப் போகும், கொல்லையில் நாம்தான் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் போன் அடுப்படி அலமாரிக்குப் போய்விடும், என்னுடையதும் சேர்த்து. அதில் சண்டை வராத நாள் இல்லை.


கொரடாச்சேரிக்காரன் | புதன், காலை 7.35

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரிதான் மூட்டை எடை போட்டார்கள், ஈரப்பதம் என்று இரண்டு நாள் காத்தது போதும்.

செய்ததைச் சொல்கிறேன். அந்தச் செயலிக்கு என் அட்டைப் படத்தை அழிக்கச் சொல்லி எழுதினேன். ‘உங்கள் கோரிக்கை பெறப்பட்டது’ என்று இயந்திரம் பதில் சொன்னது. ஆதாரில் கைரேகை, கருவிழியைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கிறதே, அதைப் பூட்டினேன். மாஸ்க்டு ஆதாரை இறக்கிப் போனில் வைத்துக்கொண்டேன். பழைய படங்களை வாட்ஸப்பிலிருந்து அழித்தேன்.

அப்புறம் மகளை உட்கார வைத்து, “முதல்ல உன் வயசை ஏன் கேட்டாங்க? நீ என்ன பொய் சொன்னே?” என்று விசாரித்தேன். அவள் ஒன்றும் பேசாமல் கணக்கு விவரத்தைத் திறந்து காட்டினாள். பிறந்த வருஷம் 1998 என்று இருக்கிறது. “நீங்க போட்டதுப்பா” என்றாள்.

ஞாபகம் வந்துவிட்டது. 2020இல் பள்ளிக்கூடம் மூடிய சமயம், ஆன்லைன் வகுப்புக்காக என் மின்னஞ்சலில் நான்தான் அவளுக்குக் கணக்கு ஆரம்பித்தேன். உண்மையான வருஷத்தைப் போட்டதும் ‘பெற்றோர் அனுமதி’ என்று என்னென்னமோ கேட்டது. வகுப்பு ஆரம்பித்துவிட்டது, டீச்சர் பேர் கூப்பிடுகிறார். அவசரத்தில் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு நின்ற இடத்தில் கையெடுத்தேன். அதே கணக்கில்தான் இந்தச் செயலிக்கும் போயிருக்கிறாள். பதினைந்து வயதுப் பெண் இருபத்தெட்டு வயதுக்காரியாக இத்தனை நாள் உலாவியிருக்கிறாள். பேச்சையும் படத்தையும் பார்த்து இது பிள்ளை என்று செயலிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அதனால்தான் கேட்டிருக்கிறது. அது கேட்டது சரிதான் போலிருக்கிறது. கேட்ட விதம்தான் சரியில்லை.

இப்போது வருஷத்தைத் திருத்தினால் கணக்கு பிள்ளைகள் கணக்காகிவிடும், அவளுடைய ஓவிய நண்பர்கள் குழு மூடிவிடும் என்கிறாள். அதில் இருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. “அவங்க எல்லாம் என் வயசுதாம்பா” என்கிறாள். உங்கள் மகள் போட்டிருக்கிற வருஷமும் 1998தானே என்று எந்த அப்பாவிடம் போய்க் கேட்பது? இன்னும் திருத்தவில்லை. பொதுத்தேர்வு முடியட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். சரியா தப்பா என்று தெரியவில்லை.


ஜெராக்ஸ் தம்பி | புதன், காலை 8.02

அண்ணே, நீங்கள் தனிச்செய்தியில் கொடுத்த வாட்ஸப் எண்ணைப் பார்த்தேன், நீங்கள் ஆதாரை அனுப்பியது என் கடைக்குத்தான். மன்னார்குடிப் பக்கம் வரும்போது வாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே அழித்துவிடுகிறேன். நானே அழித்துவிடுவேன், ஆனால் 2019இல் வந்ததும் சேர்த்து உங்கள் பெயரில் பதினொரு ஃபைல் இருக்கிறது. அதில் ஒன்று உங்கள் அம்மாவின் இறப்புச் சான்று. ஒருவேளை உங்களிடம் வேறு நகல் இல்லையோ என்று வைத்திருக்கிறேன்.